விரதம் முறிந்த பிறகு மிஞ்சியது: ‘சத்திய சோதனை’யைச் சாப்பாட்டு நூலாக வாசித்தல்

‘சத்திய சோதனை’யைப் பள்ளிக்கூடப் பரிசாக வாங்கியவர்கள் நம்மில் நிறையப் பேர். முழுக்கப் படித்தவர்கள் குறைவு. படித்தவர்களும் அதை அரசியல் நூலாகவோ ஆன்மிக நூலாகவோதான் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, சோறு, ரொட்டி, பால், உப்பு, பழம் என்று வரும் இடங்களையெல்லாம் கோடு போட்டுக்கொண்டே போங்கள். பாதிப் புத்தகம் தாண்டுவதற்குள் ஒரு விஷயம் பிடிபடும். மனுஷன் எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறார். சாப்பிடாத நேரத்தில், எதைச் சாப்பிடக் கூடாது என்று யோசிக்கிறார்.

1925 முதல் 1929 வரை ‘நவஜீவன்’ வார இதழில் குஜராத்தியில் தொடராக வந்த நூல் இது. தமிழில் ரா. வேங்கடராஜுலுவின் மொழிபெயர்ப்பில் பெரும்பாலோர் படித்திருப்போம். சாப்பாட்டைப் பற்றி நம்மிடம் இருக்கிற மற்ற புத்தகங்களுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. டயட் புத்தகம் எதுவானாலும் டயட் தொடங்கும் இடத்தில் முடிந்துவிடும். என்ன சாப்பிடணும், எவ்வளவு சாப்பிடணும், அவ்வளவுதான். அந்த ஆள் பத்து வருஷம் கழித்து என்ன சாப்பிட்டார் என்பது அதில் இருக்காது. காந்தியின் புத்தகத்தில் அது இருக்கிறது. பள்ளிப் பருவத்தில் தொடங்கி ஐம்பதைத் தாண்டும்வரை ஒருவர் தன் தட்டில் எதை வைத்தார், எதை எடுத்தார், எது நிலைத்தது, எது கவிழ்ந்தது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். வாழ்நாள் முழுக்க நீடிக்கும் உணவுப் பழக்கம் எப்படி உருவாகிறது என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேர்மையான சாட்சியம் தமிழில் கிடைப்பது அரிது.

ஆனால் அந்தச் சாட்சியத்தைக் காந்தி சொல்கிறபடியே படிக்கக் கூடாது என்பதுதான் என் வாதம். நாக்கை அடக்கினேன், அதனால் வென்றேன் என்பது அவர் தன் கதைக்குத் தரும் விளக்கம். கதை காட்டுவது வேறு.

*

இது ஏன் இப்போது முக்கியம்? 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி இந்தியாவில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருக்கிறது. அதன் விளிம்பில் நிற்பவர்கள் அதைவிட அதிகம். இருபத்தைந்து வயதில் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து முகம் வெளுத்த நண்பர் ஒருவராவது நம் எல்லோருக்கும் இருப்பார். மறுநாளே அவர் ஒரு சவாலைத் தொடங்குவார். 21 நாள் சர்க்கரை இல்லை, 30 நாள் அரிசி இல்லை, பதினாறு மணி நேரம் வயிறு காலி. இருபதாம் நாள் ஒரு கல்யாண வீட்டில் எல்லாம் முடிந்துவிடும். அப்புறம் ஒரு மாதம் குற்றவுணர்ச்சி, பிரியாணி, திரும்ப இன்னொரு சவால்.

இந்தச் சவால்களின் மொழியைக் கொஞ்சம் கவனியுங்கள். விதியை மீறிச் சாப்பிடும் வேளைக்கு ‘சீட் மீல்’ என்று பெயர். ஏமாற்றிச் சாப்பிடுவது. யாரை ஏமாற்றுகிறோம்? சர்க்கரையைத் தொட்டவர் ‘தப்புப் பண்ணிட்டேன்’ என்கிறார். ஜிம்மில் டிரெயினரிடம் சொல்கிற தொனி பாவமன்னிப்புக் கேட்கிற தொனி. சாப்பாட்டை ஒழுக்கத்தின் தேர்வாக மாற்றும் இந்தப் பேச்சுக்கு நம் ஊரில் பல வேர்கள் உண்டு. விரதம், நேர்த்திக்கடன், தீட்டு எல்லாம் அதில் இருக்கின்றன. நவீன காலத்தில் அதற்கு மிகச் சக்திவாய்ந்த உரைநடையை எழுதியவர் காந்தி. அதனால்தான் அவரிடமே திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

*

முதல் சாப்பாட்டுக் கதை ஆட்டுக்கறி. இங்கிலீஷ்காரன் கறி தின்பதால்தான் பலசாலி, நாமும் தின்றால் அவனை விரட்டலாம் என்று ஒரு நண்பன் நம்ப வைக்கிறான். பையன்கள் ஆற்றங்கரையில் ஒதுங்குகிறார்கள். கறி தோல் மாதிரி இருக்கிறது, காந்தியால் முழுங்க முடியவில்லை. அன்றிரவு வயிற்றுக்குள் ஆடு உயிரோடு கத்துவது போலக் கனவு. ஒரு வருஷ காலத்தில் ஆறு முறைக்குமேல் இந்த விருந்து நடக்கவில்லை. இதற்கிடையில் நண்பன் மேசை நாற்காலியெல்லாம் போட்ட இடத்தில், சமையல்காரரைப் பிடித்து ருசியாகச் சமைக்கச் செய்ததும் காந்திக்கு மெல்ல அது பிடித்தும் போகிறது. பிறகு நிறுத்துகிறார். ஏன்? கறி கெட்டது என்பதற்காக இல்லை. வீட்டுக்கு வந்து, பசிக்கவில்லை என்று அம்மாவிடம் பொய் சொல்ல வேண்டியிருந்தது. அதைத் தாங்க முடியவில்லை.

சின்னக் கதைதான். ஆனால் இதற்குள்ளேயே புத்தகத்தின் மொத்த வடிவமும் இருக்கிறது. ருசி மாறியது ஒரு நண்பனாலும் ஒரு சமையல்காரராலும். பழக்கம் நின்றது ஒரு அம்மாவால். நடுவில் காந்தியின் மனவுறுதிக்குப் பெரிய வேலை எதுவும் இருக்கவில்லை.

1888இல் லண்டன். புறப்படுமுன் அம்மாவிடம் எடுத்த சத்தியம்: மது, மாமிசம், பெண் தொடர்பு மூன்றும் இல்லை. பதினெட்டு வயதுப் பையன் உப்பு, மசாலா இல்லாத வேகவைத்த காய்கறியைப் பார்த்து விழிக்கிறான். காலையில் ஓட்ஸ் கஞ்சி கொஞ்சம் வயிற்றை நிரப்புகிறது. மத்தியானமும் ராத்திரியும் கீரை, ரொட்டி, ஜாம். இரண்டு மூன்று துண்டு ரொட்டிக்குமேல் கேட்க வெட்கம். பிறகு தங்கிய வீட்டில் வீட்டுக்காரம்மாவின் இரண்டு மகள்கள் பரிதாபப்பட்டு ஒன்றிரண்டு துண்டு கூடுதலாக வைக்கிறார்கள். அவனுக்கோ ஒரு முழு ரொட்டியே வேண்டியிருந்தது. தினமும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து சைவ உணவகம் தேடுகிறான். வழியில் மலிவான கடையில் ரொட்டியாகத் தின்றும் பசி அடங்கவில்லை.

ஊரை விட்டு முதன்முதலாக விடுதிக்குப் போன எவருக்கும் இந்தப் பக்கங்கள் புரியும். மெஸ்ஸில் இன்னொரு கரண்டி கேட்கக் கூச்சப்பட்டு எழுந்து வந்த ராத்திரிகளின் பக்கங்கள் இவை. இந்தக் கட்டத்தில் காந்தி சத்தியத்தைக் காப்பாற்றுகிறார், உண்மைதான். ஆனால் என்ன நிலையில்? பட்டினியில். எல்லா இந்தியர்களும் கறி சாப்பிட வேண்டும், தானும் ஒருநாள் சாப்பிட வேண்டும் என்ற ஆசை மனசுக்குள் அப்படியே இருக்க, வெளியே மறுத்துக்கொண்டிருக்கிறார். அது சபதம். இன்னும் பழக்கமாகவில்லை.

ஒருநாள் ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகம் கண்ணில் படுகிறது. வாசலில் விற்பனைக்கு வைத்திருந்த ஹென்றி சால்ட்டின் சைவ உணவு பற்றிய புத்தகத்தை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார். இங்கிலாந்து வந்த பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டது அன்றுதான். அந்தப் புத்தகத்தைப் படித்த பிறகே தானாகத் தேர்ந்து சைவ உணவுக்காரர் ஆனதாக எழுதுகிறார்.

அங்கே நடந்தது என்ன? ஒரு இடம் கிடைத்தது, நிறைவான ஒரு வேளைச் சாப்பாடு கிடைத்தது. அம்மாவுக்காக என்பதைத் தாண்டித் தனக்கென்று ஒரு காரணமும் கிடைத்தது. சீக்கிரமே ஆட்களும் கிடைக்கிறார்கள். சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் சேருகிறார். பேஸ்வாட்டரில் தானே ஒரு சைவ உணவு மன்றம் தொடங்குகிறார். எட்வின் அர்னால்டு துணைத் தலைவர், ஓல்ட்ஃபீல்டு தலைவர், காந்தி செயலாளர். மன்றம் சில மாதம்தான் ஓடியது. ஆனால் கூச்ச சுபாவமுள்ள ஒரு பையனுக்கு லண்டனில் ஒரு கூட்டம் அமைந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் ருசி மாறுகிறது. ஊரிலிருந்து தருவித்த இனிப்பையும் மசாலாவையும் நிறுத்துகிறார். முன்பு சப்பென்று இருந்த அதே வேகவைத்த கீரை இப்போது பிடிக்கிறது. ருசி இருக்கும் இடம் நாக்கு கிடையாது, மனசு என்று முடிவுக்கு வருகிறார். இந்த இடத்தில் அவர் சரி. உப்பைக் குறைத்துச் சில வாரம் சாப்பிட்டவர்களுக்குப் பழைய அளவு உப்பு கரிக்கத் தொடங்குவதைப் பின்னால் வந்த ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. ஆனால் அந்த மனசு தனியாக மாறவில்லை என்பதைக் காந்தி கவனிக்கத் தவறுகிறார். பசி தீர்ந்த பிறகு, கூட்டம் கிடைத்த பிறகு, மாறியது. இந்த வரிசை முக்கியம். நாம் பொதுவாக இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் பட்டினி, அப்புறம் ருசி மாறும் என்று காத்திருக்கிறோம். அது மாறுவதில்லை.

லண்டன் அத்தியாயங்களின் உரைநடையில் ஒரு குஷி இருக்கிறது. நாளுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் வாழலாம் என்று கணக்குப் போடுகிறார், அறையில் அடுப்பு வைத்துத் தானே கஞ்சி காய்ச்சுகிறார். முட்டை மாமிசமா இல்லையா என்று விவாதித்து இரண்டு வாரத்துக்கும் குறைவான காலம் முட்டை தின்று பார்க்கிறார். சத்தியம் வாங்கிய அம்மாவின் அகராதியில் முட்டையும் மாமிசம்தான் என்று விட்டுவிடுகிறார். சோதனை என்ற சொல் இங்கே விளையாட்டு மாதிரி இருக்கிறது. தோற்றால் ஒன்றும் ஆகிவிடாது.

*

தென்னாப்பிரிக்காவின் பிற்பகுதியில் தொனி இறுகுகிறது. பிரம்மசரியம் என்ற லட்சியம் வந்ததும் நாக்கு எதிரி ஆகிறது. இனி சாப்பாடு உடம்புக்கானது மட்டும் இல்லை, புலனடக்கத்தின் போர்க்களம்.

இந்தக் கட்டத்தின் உச்சக் காட்சி கஸ்தூர்பாவோடு நடக்கிறது. அவருக்கு ரத்தப்போக்கு திரும்ப வந்திருக்கிறது. உப்பையும் பருப்பையும் விட்டுவிடச் சொல்லிக் காந்தி கெஞ்சுகிறார், மேற்கோள் காட்டுகிறார். கடைசியில் கஸ்தூர்பா, உங்களைச் சொன்னால் நீங்களே விடமாட்டீர்கள் என்கிற மாதிரி ஒரு வார்த்தை விடுகிறார். அவ்வளவுதான். ஒரு வருஷத்துக்கு இரண்டையும் விட்டேன் என்று அந்த நொடியே காந்தி அறிவிக்கிறார். கஸ்தூர்பா பதறிப்போகிறார். நான் விட்டுவிடுகிறேன், உங்கள் சபதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறார். அவர் மறுக்க, இவர் அழுகிறார். தன் வாழ்வின் இனிய நினைவுகளில் ஒன்றாகக் காந்தி இதைச் சொல்கிறார்.

யாருக்கு இனிய நினைவு? நோயில் கிடக்கும் பெண்ணுக்கு இப்போது கணவனின் பட்டினிப் பாரமும் சேர்ந்துகொண்டது. கஸ்தூர்பா இதை எழுதியிருந்தால் அந்த அத்தியாயம் எப்படி இருந்திருக்கும் என்ற கேள்வி எழாமல் இந்தப் பக்கத்தைக் கடக்க முடியவில்லை. ‘நானும் விட்டுட்டேன், நீயும் விடு’ என்று வீட்டில் அம்மாவிடமோ மனைவியிடமோ சொல்லும் இன்றைய டயட் ஆர்வலர்களும் இந்தக் காட்சியின் வாரிசுகள்தான். காந்தியிடம் அன்பு இருந்தது, சந்தேகமில்லை. அந்த அன்பு ஒரு கட்டாயமாகவும் இருந்தது. புத்தகத்தின் பலம், அவர் விளக்கம் என்ன சொன்னாலும் காட்சியை மறைக்காமல் எழுதியிருப்பது. கண்ணீரை வெட்டி எறியவில்லை. அதனால்தான் நம்மால் அவருக்கு எதிராகவும் அதைப் படிக்க முடிகிறது.

அடுத்தது பால். கல்கத்தாவில் பசுக்களைக் கொடுமைப்படுத்திப் பால் கறக்கும் முறையைப் பற்றிப் படிக்கிறார். புலனடக்கக் காரணமும் சேர்ந்துகொள்ள, 1912இல் டால்ஸ்டாய் பண்ணையில் நண்பர் காலன்பாக்கோடு சேர்ந்து பாலை விடுகிறார். பிறகு வேர்க்கடலை, வாழைப்பழம், பேரீச்சை, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் என்று பழ உணவு. 1918இல் கேடாவில் அலைந்து திரிகிற காலத்தில் கடுமையான சீதபேதி. எலும்பும் தோலுமாகிறார். பால் குடிக்காமல் தேற முடியாது என்கிறார் டாக்டர். சபதம் இருக்கிறதே என்கிறார் இவர். அப்போது கட்டிலருகே நின்ற கஸ்தூர்பா குறுக்கிடுகிறார்: சபதம் எடுத்தபோது மனதில் இருந்தது பசும்பாலும் எருமைப்பாலும்தானே, ஆட்டுப்பாலுக்கு என்ன?

புத்தகத்திலேயே மிக நுட்பமான வாசகர் கஸ்தூர்பாதான். சபதத்தின் வார்த்தையைப் பிடித்துக்கொண்டே உயிரைக் காப்பாற்றிவிடுகிறார். காந்திக்கு இது கடைசிவரை உறுத்துகிறது. வார்த்தையைக் காப்பாற்றி உள்ளத்தைக் கொன்றுவிட்டதாக எழுதுகிறார். அவர் பார்வையில் இது தோல்வி. ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். காந்தி என்றதும் உலகத்துக்கு நினைவு வரும் உணவு எது? ஆட்டுப்பால். 1918க்குப் பிறகு முப்பது வருஷம் அவரோடு இருந்தது அதுதான். 1942இல் ஆகா கான் மாளிகைச் சிறையில் உட்கார்ந்து ஆரோக்கியம் பற்றி எழுதிய சின்ன நூலிலும் பாலுக்கு இடம் கொடுத்திருக்கிறார். ஆக, அவருடைய மிகப் புகழ்பெற்ற, மிக நீண்ட உணவுப் பழக்கம் ஒரு சபதம் முறிந்த இடத்தில், மனைவி சொன்ன சமாதானத்திலிருந்து பிறந்தது.

*

சபதமாகவே தொடங்கி நிலைத்தது ஒன்றும் இருக்கிறது. 1915இல் ஹரித்வார் கும்பமேளாவில் எடுத்தது. ஒரு நாளைக்கு ஐந்து பொருளுக்குமேல் உண்பதில்லை, இருட்டிய பிறகு உண்பதில்லை. பதின்மூன்று வருஷமாகக் கடைப்பிடித்து வருவதாகப் புத்தகத்தில் எழுதுகிறார். இது ஏன் நின்றது? காரணத்தை அவரே சொல்லியிருக்கிறார். கல்கத்தாவிலும் ரங்கூனிலும் விருந்து கொடுத்தவர்கள் இவருக்காக எத்தனையோ பண்டங்கள் செய்து திண்டாடியதைப் பார்த்திருக்கிறார். இப்படியே போனால் போகிற வீட்டிலெல்லாம் தொந்தரவுதான் என்று தோன்றியிருக்கிறது. அதாவது இந்த விதி, சமைப்பவர்களின் வேலையைப் பார்த்தும் பிறந்தது. நாக்கின் மீதான கோபம் மட்டும் அதற்குக் காரணம் கிடையாது.

இதோடு ஜோஹன்னஸ்பர்க் வீட்டையும் சேர்த்துப் பாருங்கள். கடை மாவு வேண்டாம் என்று ஏழு பவுண்டு கொடுத்து ஒரு மாவு அரைக்கும் இயந்திரம் வாங்குகிறார்கள். கையால் சுற்ற இரண்டு ஆள் வேண்டும். காந்தி, போலக், பிள்ளைகள் என்று மாற்றி மாற்றி அரைக்கிறார்கள். கஸ்தூர்பாவும் எப்போதாவது கை கொடுக்கிறார், அது அவர் சமையலைத் தொடங்கும் நேரமாக இருந்தாலும். முழுக் கோதுமை ரொட்டி அந்த வீட்டுப் பழக்கமானது இப்படித்தான். டால்ஸ்டாய் பண்ணையில் தமிழர்களும் குஜராத்திகளும் வடநாட்டவரும், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி என்று எல்லோரும் ஒரே சமையலறையில் சாப்பிட்டார்கள். காலை ஆறு மணிக்கு ரொட்டியும் கோதுமையை வறுத்து அரைத்த ‘காபி’யும். பதினொன்றுக்குச் சோறு, பருப்பு, காய். மாலை ஐந்தரைக்குக் கோதுமைக் கஞ்சியும் பாலும், இல்லாவிட்டால் ரொட்டியும் ‘காபி’யும். சமையல் பெண்கள் பொறுப்பு, ஓரிரு ஆண்கள் துணைக்கு. அந்தத் துணையாட்களில் காந்தியும் ஒருவர். இதைப் பற்றி அவர் எழுதும்போது போர் மொழி காணாமல் போகிறது. அங்கே நாக்கை யாரும் அடக்க வேண்டியிருக்கவில்லை. மணி அடித்தது, தட்டில் அது இருந்தது, பக்கத்தில் ஆள் இருந்தார்கள்.

2010இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் பழக்கம் உருவாகும் வேகத்தைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 96 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு. ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள்வரை வித்தியாசம். ஒவ்வொரு நாளும் அதே சூழலில், உதாரணமாக மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு பழம் என்று, திரும்பச் செய்வதுதான் வழி. நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. சபதத்துக்கும் பழக்கத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். சபதம் ஒருநாள் முறிந்தால் முறிந்ததுதான். பழக்கத்துக்கு நாளைக்கும் மத்தியானம் வரும்.

*

ஓர் ஆட்சேபம் எழும், எழ வேண்டும். காந்தியின் சைவத்தைத் தூக்கிப் பிடிப்பது இன்றைய இந்தியாவில் அப்பாவித்தனமான காரியமா? மாட்டுக்கறி தின்றதாகச் சொல்லி ஆளை அடித்துக் கொல்கிற ஊர் இது. சைவம் என்றால் சுத்தம் என்று வாடகை வீடு மறுக்கிற ஊர். இந்த வாசிப்பு சைவத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. கறியும் மீனும் முட்டையும் நம்மில் பெரும்பாலோரின் நல்ல உணவு. சாப்பாட்டை ஒழுக்கமாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த வாடகை வீட்டு வாசலே சாட்சி. தன்னை அடக்குவதற்கென்று செய்த மொழி, சீக்கிரம் அடுத்தவரை அளக்கும் மொழியாகிவிடுகிறது. கஸ்தூர்பாவின் கண்ணீரில் அதன் முதல் துளி இருக்கிறது.

இன்னொன்று. பண்ணை, பொதுச் சமையலறை எல்லாம் நமக்கு வாய்க்காது. ராத்திரி பதினொன்றுக்கு ஷிப்ட் முடிந்து, நான்கு பேர் தங்கும் அறைக்குத் திரும்பி, ஸ்விக்கியைத் திறப்பவரிடம் பொதுச் சமையலறை பற்றிப் பேசுவது எளிது. ஆனால் அந்த நான்கு பேர் இருக்கிறார்கள் இல்லையா? ஞாயிற்றுக்கிழமை ஒருவர் காய் நறுக்கினால், ஒருவர் குக்கர் வைத்தால், புதன்வரைக்குமாவது வரும். இது ஃபாரிங்டன் தெருவையும் மாவு இயந்திரத்தையும் விடச் சின்ன ஏற்பாடு. ஆனாலும் அதே வகைதான்.

அடுத்த முறை ஏதாவது உணவு முறை நம் முன்னால் வந்து நின்றால், அதில் எத்தனை கிராம் புரதம் என்று பார்ப்பதற்கு முன் சில கேள்விகள் கேட்கலாம். இதை யார் சமைப்பார்? யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவேன்? இதில் வயிறு நிறையுமா? ஒருநாள் தவறினால் என்ன ஆகும் என்று இது சொல்கிறது? கடைசிக் கேள்விக்குப் பதில் தண்டனை என்றால் அது அதிக நாள் தாங்காது. காந்தியிடமே தாங்கவில்லை. அவரைத் தாங்கியது, கட்டிலருகே நின்றுகொண்டு ‘ஆட்டுப்பால் குடிக்கலாமே’ என்று சொல்ல ஒருவர் இருந்தது.